யாருக்காக அழறீங்க?

“முதல்ல அழுகையை நிறுத்துங்க. யாருக்காக அழறீங்க? அவங்களுக்காகவா, உங்களுக்காகவா?”

வட்டமாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றிலிருந்து நரைத்த தாடிக்காரர் கேட்டார். எதிரே தேம்பிக்கொண்டிருந்தவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

தாமதமாக வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி நிமிர்ந்தாள். அலுவலகத்தில் அவளுக்கு ‘கத்தரிக்கோல்’ என்று பட்டப்பெயர். அவள் பார்வையிடப் போன திட்டம் எதுவும் பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை. பெண்களிடம் அத்துமீறிச் சிறைக்கு வந்தவர்களுக்கு, பாதிக்கப்பட்டவரின் வலியை உணரவைக்கும் சிகிச்சை இது. தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று இன்று அவள் சொல்லியாக வேண்டும். சீக்கிரம் விடுதலையாவதற்காக இவர்கள் போடும் நாடகம் என்ற பாதி முடிவோடுதான் வந்திருந்தாள். இந்த அறைக்குள் யாருக்கும் சீருடை கிடையாது என்பது வேறு அவளுக்கு எரிச்சல்.

“அவங்க கால்ல விழுந்து மன்னிப்பு கேக்கணும் சார்,” என்றான் அழுதவன்.

“எதுக்கு? உங்க மனசு லேசாகணுமா? அப்போ திரும்பவும் அவங்ககிட்ட இருந்து உங்களுக்கு ஒண்ணு வேணும். அப்படித்தானே?”

அவன் தலை குனிந்தான்.

“இல்ல சார். மன்னிப்பு கேட்டுப் போய் நிக்க மாட்டேன். வெளிய வந்தா அவங்க இருக்கற ஊர்ப் பக்கமே தலைவைக்க மாட்டேன். அவங்க நிம்மதியா நடமாடட்டும்.”

இப்போது அவன் கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. கத்தரிக்கோல் கையிலிருந்த பேனாவை மூடிவைத்தாள்.

மணி அடித்ததும் அவள் தாடிக்காரரிடம் விரைந்தாள்.

“டாக்டர், நாடகம்னு நெனச்சுதான் வந்தேன். நீங்க அவரைப் பிடிச்ச பிடி இருக்கே! இதை மூடச் சொல்லி எழுத எனக்குக் கை வராது. அறிக்கையில உங்க போட்டோ போடணும், கொஞ்சம் இப்படித் திரும்புங்க.”

அவர் பதறிப்போய் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“ஐயோ, வேண்டாம்மா! டாக்டர் அதோ, நாற்காலி அடுக்கறாரே, அவர்தான். இங்க வாரம் ஒருத்தர் கேள்வி கேக்கணும், இன்னிக்கு என் முறை. இந்த முகத்தை மறக்க ஒருத்தங்க படாத பாடு பட்டுட்டிருப்பாங்க. அவங்க கண்ல படற மாதிரி போட்டுடாதீங்க.”

சொல்லிவிட்டு, கொட்டடிக்குத் திரும்பும் கைதிகளின் வரிசையில் போய் நின்றுகொண்டார்.