ட்ரோனுக்குக் கொடுத்த காபி

வாசலில் பார்சலோடு வந்து இறங்கிய ட்ரோனின் தலையில், வீட்டு ரோபோ மிகுந்த மரியாதையோடு ஒரு டம்ளர் காபியை ஊற்றியது. ட்ரோன் ஒருமுறை துள்ளிவிட்டு அடங்கிப் போனது.

“யாருடி இந்த லட்சணத்துல புரோகிராம் எழுதினது?” என்று கத்தினாள் வர்ஷினி. அந்த ஊரில் வீட்டு ரோபோக்களுக்குப் புரோகிராம் எழுதுவது பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான்.

நான்காம் வகுப்பு படிக்கும் மகள் நன்முல்லை பயப்படவில்லை. “எங்க கிளாஸ்ல யாருன்னு கேக்க மாட்டோம்மா. எந்த இடத்துல தப்பாச்சுன்னுதான் கேப்போம். முதல்லேர்ந்து சேர்ந்து படிக்கலாமா?”

இருவரும் தரையில் உட்கார்ந்து வரிவரியாக வாய்விட்டுப் படித்தார்கள். மாட்டியது: ‘வாசலுக்கு யார் வந்தாலும் காபி கொடு.’

“அடியே, இது நான் சொன்னதாச்சே!”

“மனுஷங்க வந்தா மட்டும்னு நானும் போடலைம்மா.”

வர்ஷினி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் அக்காவின் நினைவு வந்தது. தன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போன வர்ஷினியை அக்கா ‘வா’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. யார் மேல் தப்பு என்று சொந்தபந்தமெல்லாம் பேசிச் சலித்துவிட்டது.

போனை எடுத்தாள். “அக்கா, யார் மேல தப்புன்னு பேச வேணாம். அன்னிக்கு எந்த இடத்துல தப்பாச்சுன்னு முதல்லேர்ந்து சேர்ந்து பாக்கலாமா?”



“போன்ல எதுக்குடி?” என்றாள் அக்கா. “வீட்டுக்கு வா.”