பெயர் கடைசியில்

“கிவ் இல்ல, கேவ். குடுத்து முடிஞ்சுது. இனித் திருப்பி வாங்க ஏலாது” என்றாள் இராசமலர்.

“ஹீ கேவ் மீ ஹிஸ் வோட்டர்” என்றார் முனாஸ்.

அவன் தன் தண்ணீரை எனக்குத் தந்தான்.

“கரெக்ட்!” பென்சிலால் மேசையில் ஒரு தட்டு. வசனம் சரியாக வந்தால் இராசமலர் அப்படித்தான் தட்டுவாள்.

போன கிழமை முனாஸ் கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்து, அவள் வீட்டுப் படலையில் வெகுநேரம் நின்றார். ஊருக்குள் மேயவந்து வேலியோரம் செவ்வரத்தை இலையைத் தின்றுகொண்டிருந்த மானைப் பார்க்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

“என்ன, மான் பார்க்கவோ வந்தனீங்க?”

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். படலையில் தொங்கிய ‘ஆங்கிலம் பேசப் பழகலாம்’ என்ற பலகையைப் படித்தார். “இல்ல டீச்சர். இங்கிலீஷ் படிக்க வந்தனான்.”

காரணத்தையும் அன்றே சொன்னார். அவர் மீன்பிடிப் படகில் எஞ்சின் ஓட்டுகிறவர். அவர்களுடைய படகில் வந்த ஒரு பெடியன் நடுக்கடலில் மௌத்தாகிவிட்டான். அவன் எப்படி இறந்தான் என்று தாய்க்கு யாரும் சொல்லவில்லை.

“நான்தான் பக்கத்தில இருந்தனான். நான்தான் சொல்லவேணும். அவக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும்.”

‘சுற்றுலா வந்த வெள்ளைக்காரப் பெடியன்போல’ என்று இராசமலர் பெருமூச்சு விட்டாள். “தமிழில சொன்னால் மொழிபெயர்க்க ஆள் பிடிக்கலாமே?”

“தமிழில மூண்டு தரம் சொல்லப் பார்த்தனான் டீச்சர். வாய் வரேல்ல.”

“அப்ப உங்களுக்கு சிம்பிள் பாஸ்ட் மட்டும் காணும். நடந்து முடிஞ்சதைச் சொல்ல அது ஒண்டு போதும். இப்பவும் நடக்குதோ, இனி நடக்குமோ எண்ட கேள்வியே இல்ல. படலையைச் சாத்திக் கொளுவிப்போட்ட மாதிரி.”

அவள் பாடம் நடத்துவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். ஒருவரைப் பற்றிக் கதைக்கும்போது பெயர் கடைசியில்தான் வரவேண்டும். முதலில் எல்லாமே ‘ஹீ’. பிழையெல்லாம் திருந்திய பிறகு, ‘ஹீ’யைக் கழற்றிவிட்டுப் பெயரை மாட்டவேண்டும்.

“பேரோட தொடங்கினால் நெஞ்சு பதறும். வினைச்சொல் பிழைச்சுப்போகும்” என்பாள். முனாஸ் இதை உடனே ஒத்துக்கொண்டார்.

இன்று கடைசி வசனம் மட்டும் மிச்சம்.

“ஹீ டிட் நொட் வோக் அப்.”

“ஐயோ, அங்கதான் எல்லாரும் விழுறது!” இராசமலர் உற்சாகமாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “டிட் வந்திட்டால், முடிஞ்சுபோன காலத்தின்ட பாரம் முழுக்க அது தன்ட தலையில தூக்கும். மற்ற வினை வெறுங்கையோட நடக்கும். அதால வோக் இல்ல, வேக். ஹீ டிட் நொட் வேக் அப்.”

“அவன் எழும்பேல்ல.”

“ஓம். இன்னொரு உதாரணம் சொல்லுறன். என்ட மகன் இருக்கிறானே, அவனை வைச்சுத்தான் நான் இதை எல்லாருக்கும் படிப்பிக்கிறது. துவாரகன் வென்ட் டு டுபாய். துவாரகன் டிட் நொட் கோல் மீ.” சிரித்தாள். “ஒரு வருசமாச்சு. போகேக்க ஏசிப்போட்டன், அந்த ரோசம் துரைக்கு! வரட்டும், காதை முறுக்கிறன்.”

“அந்த டுபாய் வசனத்தை இன்னொரு தரம் சொல்லுங்க டீச்சர்.”

சொன்னாள். முனாஸ் உதட்டுக்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். அவருக்கு வைத்த பிளேன்டீ ஆறிக் கிடந்தது.

“வென்ட்டுக்கு டிட் நொட் போட்டால்?”

“டிட் நொட் கோ. கெட்டிக்காரன்! சரி, இப்ப முழுக்க ஒருக்காச் சொல்லுங்க பார்ப்பம். நான் இடையில கதைக்கமாட்டன்.”

முனாஸ் எழுந்து நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

அவன் எங்கள் படகில் வந்தான். எஞ்சின் நின்றது. நாங்கள் மழைத்தண்ணீர் குடித்தோம். எனக்குக் காய்ச்சல் வந்தது. அவன் தன் தண்ணீரை எனக்குத் தந்தான். அவன் தன் அம்மாவைப் பற்றிக் கதைத்தான். அவன் நித்திரையானான். அவன் எழும்பவில்லை.

எல்லாம் ஆங்கிலத்தில், ஒரு பிழையுமில்லாமல்.

இராசமலரின் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேசையைத் தட்டினாள்.

“கரெக்ட். அந்தத் தாய் குடுத்துவைச்சவ, முனாஸ். ஆராவது பக்கத்தில இருந்தவன் வந்து சொல்லுறானே. எப்ப அவவிட்ட சொல்லப் போறீங்க?”

“பிழையில்லாமச் சொல்ல வந்தவுடன எண்டு நினைச்சனான்.”

“வந்திட்டுதே! இனி ‘ஹீ’யைக் கழற்றுங்க. பேரை மாட்டித் தொடங்குங்க.”

முனாஸ் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, மடித்து, திரும்ப விரித்தார். படலைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகச் சொன்னார்.

“துவாரகன் டிட் நொட் கோ டு டுபாய். துவாரகன் கேம் இன் அவர் போட்.”

துவாரகன் எங்கள் படகில் வந்தான்.

“கரெக்ட்” என்றாள் இராசமலர், பழக்கத்தில். உயர்ந்த பென்சில் மட்டும் மேசைக்கு இறங்கவில்லை.