பிரேக்குக்கு அரக்கு

சின்னப்பையன் மறுபடியும் பிரேக்குக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். இந்த முறை நீலம்.

"சக்கரத்துக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருக்கிற சாமானுக்கு எதுக்குய்யா கலரு?" என்று கேட்டாள் தேவகியம்மாள்.

"துரு அண்டாதுங்கம்மா."

அவள் வீட்டு அம்பாசிடர் நாலு சக்கரமும் இல்லாமல் வாசலில் கருங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. கழற்றின பிரேக் டிரம்கள் கோணிமேல் குண்டான் கவிழ்த்த மாதிரி வரிசையாகக் கிடந்தன.

சின்னப்பையன் என்பது பேர்தான்; மீசை நரைத்துவிட்டது. டிரைவர் என்பதும் பேர்தான். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஓட்டுவதெல்லாம் தேவகியம்மாளின் வீட்டுக்காரர், பட்டுக்கடை முதலாளி அப்பாதுரை. சம்பளம் வாங்குகிற டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவான். தெரியாத ஊரில் அவனுக்குத்தான் முதல் கும்பிடு விழும்.

போன அமாவாசையன்று காலையில், நெசவுக்காரத் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்கும் கத்திரிப்பூக் கலரில் பட்டு நூல். அம்பாசிடர் நேராக அதற்குள்ளேயே போகப் பார்த்தது. நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். பாவுக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

முதலாளி இறங்கி, பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றார். ஆமாங்க, கழற்றிச் சுத்தம் பண்ணணும் என்றான் சின்னப்பையன்.

அன்றைக்கே கழற்றினான். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, உப்புத்தாள் போட்டு இழைத்துப் பளபளவென்று ஆக்கினான். திரும்ப மாட்ட வேண்டியதுதான் பாக்கி. கழற்றினது கழற்றியாச்சு, வெளிப்பக்கம் ஒரு கை பெயிண்ட் அடிச்சிடலாமே என்று அப்போதுதான் வாயை விட்டான்.

கலர் என்று காதில் விழுந்தால் அப்பாதுரை சும்மா இருக்கமாட்டார். சாயம் கொஞ்சம் தூக்கலாக ஏறியிருந்தாலும் நூலைத் திருப்பி அனுப்புகிறவர். மஞ்சள் அடித்ததைப் பார்த்து, மாம்பழம் அழுகிப்போச்சு என்றார். சுரண்டினான். இப்போது நீலத்தைப் பார்த்து, நான் கேட்டது மயில் கழுத்து, இது மைப்புட்டி என்றார். அதையும் சுரண்டினான்.

சாயக்காரர் முனுசாமியை வரவழைத்து, டிரம்மின் மேல் பட்டு நூலை வைத்து வைத்துப் பார்த்தார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, முன்சக்கரம் உடம்பா, பின்சக்கரம் முந்தானையா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் முதலாளி தீர்ப்புச் சொன்னார்:

"வண்டி கறுப்பு. கறுப்பு உடம்புக்குக் கரை அரக்குதான்."

வெள்ளிக்கிழமை வாலாஜாபாத்தில் மகள் வீட்டுப் பேத்திக்குக் காது குத்து. சீர்த்தட்டோடு காரில் போய் இறங்க வேண்டும். தேவகியம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை காலையில வண்டி கிளம்பலைன்னா, சனிக்கிழமை நீ வேலைக்கு வர வேணாம்."

தெருவும் அவள் பக்கம்தான். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கினவனுக்கு இப்போது பெயிண்ட் விளையாட்டு கேட்கிறதா என்றார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளி கடையிலிருந்து வந்தார். நாலு டிரம்மும் அடித்துக் காய்ந்திருந்தன.

நாலும் கிளிப்பச்சை.

தேவகியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அரக்கு என்று தெருவுக்கே தெரியும், இவனுக்கு மட்டும் தெரியாதா? இனிமேல் சுரண்டி, அடித்து, காய்ந்து, மாட்டி... வெள்ளிக்கிழமை போச்சு. அவன் வேலையும் போச்சு.

முதலாளி ஒரு டிரம்மை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சின்னப்பையனையும் ஒரு தரம் பார்த்தார்.

"இதான்டா அரக்கு," என்றார். "மாட்டிடு."

தேவகியம்மாள் டிரம்மையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்க்க வந்திருந்த சாயக்காரர் முனுசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சாயம் நல்லா ஏறியிருக்குது என்றார்.

முதலாளி உள்ளே போனதும் தேவகியம்மாள் மெல்ல வந்து நின்றாள்.

"அவருக்குக் கண்ணு... எப்பத்திலேர்ந்துப்பா?"

"தெரியலம்மா. அன்னைக்குப் பாவு இருந்தது அவருக்குத் தெரியல. பிரேக்குல ஒரு கோளாறும் இல்ல. அதை மிதிச்சதே நான்தான், பக்கத்துலேர்ந்து காலை நீட்டி." சின்னப்பையன் டிரம்மைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "கண்ணு தெரியலன்ற சேதி வெளிய போனா, பட்டுக்கடையில யாரும்மா அவரை நம்பிக் கலர் எடுப்பாங்க? வண்டி கல்லு மேல இருந்தா, ஓட்டாம இருப்பாருன்னு பார்த்தேன். தள்ளிடுவாருன்னுதான் பச்சையை அடிச்சேன்."

மறுநாள் காலை, வண்டிச் சாவியைத் தேவகியம்மாளே கொண்டுவந்து சின்னப்பையன் கையில் கொடுத்தாள். பெயிண்ட் அடிச்சவனே ஓட்டிப் பார்க்கட்டும், பிரேக்கு எப்படின்னு அவனுக்குத்தான் தெரியும் என்றாள். முதலாளி உடனே டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

வாலாஜாபாத் ரோட்டில் காற்று சிலுசிலுவென்று வந்தது. பின்சீட்டில் சீர்த்தட்டைப் பிடித்தபடியே தேவகியம்மாள் கண்ணயர்ந்துவிட்டாள். முதலாளி ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஓட்டாம இருக்க எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்துதுடா. அதான் ஒவ்வொரு கலரா தள்ளிக்கினு இருந்தேன். நேத்தும் தள்ளியிருந்தா உன் வேலை போயிருக்கும்."

சின்னப்பையனின் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று.

"முதலாளி, அப்ப அந்தப் பச்சை..."

"எட்ட இருக்கிறதுதான்டா தெரியல. மடியில இருக்கிற பச்சை தெரியாமலா போகும்?"