சாப்பிடாமல் போனவன்

பாரிஸிலிருந்து வந்திருக்கும் பழைய கூட்டாளி விமலநாதனுக்கு மொன்றியலைச் சுற்றிக் காட்டப் புறப்பட்டபோதே தியாகலிங்கம் ஒன்றை முடிவு செய்திருந்தார். இன்றைக்கு அவனுக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான்.

காரணம் இருந்தது. இதே ஊரில் நடந்த மகள் வித்தியாவின் கலியாணத்துக்கு இனசனத்தோடு வந்தவன், தாலி கட்டி முடிந்ததும், "தலையிடிக்குது மச்சான்" என்று சொல்லிவிட்டு, கை நனைக்காமலே போய்விட்டான்.

அதைக்கூட விடலாம். மண்டபத்துக்கு எதிரே இருந்த கடையில் பட்டு வேட்டியோடு நின்று பீட்சா தின்றானாம். கண்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

"என்ர வீட்டுச் சோறு அவனுக்கு இறங்கேல்ல. பீட்சா இறங்கினது!"

மனைவி கௌரி இதைக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டாள். வித்தியாவுக்குப் பிள்ளை பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டது. தியாகலிங்கத்தின் கோபம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

விமலநாதன் ரொறன்ரோவில் ஒரு அலுவலை முடித்துக்கொண்டு விடியவே பஸ்ஸில் வந்து இறங்கினான். பின்னேரம் இங்கிருந்து பாரிஸுக்கு விமானம்.

"ஒரு தேத்தண்ணி குடிப்பமோ மச்சான்?"

"நேரமில்லை. பார்க்க எவ்வளவு கிடக்கு!"

முதலில் பழைய நகரத்து நோத்ர டாம் தேவாலயம்.

"பாரிஸிலயும் இதே பேரில ஒண்டு இருக்குத்தானே. நீ பார்த்திருப்பாய்."

"வெளியால பார்த்திருக்கிறன். வேலைக்குப் போற பஸ்ஸில இருந்து. உள்ளுக்குப் போக எங்கயடா நேரம் கிடைச்சது?"

விமலநாதன் நீலக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

"பார்த்தது காணும். வா."

கல் பதித்த தெருக்களில் ஒரே ஓட்டம். பழைய சந்தை, துறைமுகக் கரை, மணிக்கூட்டுக் கோபுரம். ஒரு கடை வாசலில் பூட்டின் மணத்தது. பொரித்த உருளைக்கிழங்கில் சீஸைப் போட்டு, சூடான குழம்பை ஊற்றித் தரும் இந்த ஊர்ச் சாப்பாடு. விமலநாதனின் கால் தன்பாட்டில் நின்றது.

"இதைச் சாப்பிடாமல் போனால் மொன்றியலுக்கு வந்ததில கணக்கில்லை எண்டுறாங்கள்."

"எண்ணெய்ச் சாமான். பேந்து உனக்குத் தலையிடிக்கும்."

தலையிடியைத் தியாகலிங்கம் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார். அந்த மடையனோ சிரித்துக்கொண்டு பின்னால் வந்தான்.

அடுத்தது மலைச்சரிவில் சென் ஜோசப் கோவில். படிகள் வானத்துக்கே போவதுபோல் இருந்தன.

"எனக்கு முழங்கால் சரியில்லை. நீ ஏறிப் பார்த்திட்டு வா. ஒரு படியையும் விட்டிடாத."

அவன் தலை மறைந்ததும் தியாகலிங்கம் கார் டிக்கியைத் திறந்தார். இரண்டு பேருக்கும் என்று கௌரி கட்டித் தந்த இடியப்பப் பார்சல்கள் இருந்தன. தன்னுடையதைச் சாப்பிட்டார். மற்றதைப் பார்த்தார். வைத்திருந்தால் அவன் கண்டுவிடுவான். அதையும் சாப்பிட்டார்.

வேர்த்து விறுவிறுத்து வந்து காரில் ஏறிய விமலநாதன் மூக்கை உறிஞ்சினான்.

"சம்பல் மணக்குது மச்சான்."

"தமிழன்ர கார் வேற எப்பிடி மணக்கும்?"

"ஓமோம்."

கடைசியாக மலை உச்சி. ஆறும் பாலமும் அக்கரையில் லொங்குய் நகரமும் தெரிந்தன. விமலநாதனுக்குப் பசியில் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிந்திருக்கும்.

ஆனாலும் தியாகலிங்கத்துக்கு மனம் ஆறவில்லை. எதற்காகப் பட்டினி போட்டோம் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? விமான நிலையத்துக்குப் போகிற வழியை விட்டுச் சென் மிஷேல் பக்கம் காரைத் திருப்பினார். அங்கேதான் தேவதாசனின் சாப்பாட்டுக் கடை. வித்தியாவின் கலியாணத்துக்குச் சமைத்தவர் அவர்.

வாசலிலேயே குரலை உயர்த்தினார்.

"தேவதாசன், இந்த ஆளைத் தெரியுதோ? உம்மட கலியாணச் சோத்தை வேண்டாமெண்டு போய்ப் பீட்சா திண்ட பெரிய மனுசன்! அண்டைக்கு எவ்வளவு சோறு மிஞ்சினதெண்டு இவருக்கு ஒருக்காச் சொல்லும்!"

தேவதாசன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து விமலநாதனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை! உங்களை மறப்பனோ?"

"விடும் தேவதாசன். பழங்கதை."

"இவ்வளவு கேட்ட பிறகும் விடேலாது அண்ணை." தேவதாசன் தியாகலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "எங்கயண்ணை சோறு மிஞ்சினது? மாப்பிள்ளை பகுதி சொன்னதைவிட ஒரு பஸ் ஆக்களைக் கூடக் கொண்டுவந்து இறக்கிச்சினம். பானையில அடி தெரிஞ்சிட்டுது. நான் குசினிக்குள்ள விறைச்சுப்போய் நிண்டன். இவர்தான் எட்டிப் பார்த்திட்டு, தன்ர ஆக்கள் இருந்த ரெண்டு மேசையையும் சத்தமில்லாமல் எழுப்பிக்கொண்டு போனவர். அதாலதான் சம்பந்தி பகுதி சாப்பிட்டது."

தியாகலிங்கம் விமலநாதனின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே..."

"எப்பிடிச் சொல்லுறது? 'தியாகுவின்ர காதில போட்டிடாதையும், மகளின்ர கலியாணத்தில அவன் தலை குனியக்கூடாது' எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கிப்போட்டெல்லோ போனவர்! இருங்கோ அண்ணை, இண்டைக்காவது என்ர கையால சாப்பிட்டிட்டுப் போங்கோ."

விமலநாதன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இல்லையப்பா, பிளேன் போயிடும். கொத்துரொட்டி ஒரு பார்சல் கட்டித் தாரும், எயார்போட்டில போய்ச் சாப்பிடுறன்."

தேவதாசன் சுடச்சுடக் கட்டி நீட்டினார். அதை வாங்கி, அப்படியே தியாகலிங்கத்தின் கையில் வைத்தான் விமலநாதன்.

"எனக்கு இன்னொண்டு கட்டும். முதல் இவன் சாப்பிடட்டும். பாவம், எனக்கு ஊர் சுத்திக் காட்டுறதுக்காக விடியத் தொடக்கம் பட்டினி கிடக்கிறான்."