உப்புச் சப்பில்லாத பாஸ்தா

“பாஸ்தா வேக வைக்கிறியா, இல்ல போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சுறியா?”

சமையலறை வாசலில் சாய்ந்து நின்று கேட்டார் மாஸ்டர். பெரிய ஓட்டலில் பன்னிரண்டு பேரை விரட்டி வேலை வாங்கும் தலைமைச் சமையல்காரர். மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர், நாளை வேலைக்குத் திரும்புகிறார். முதல் நாளே முதலாளி முன்னால் புது அயிட்டங்களைச் சமைத்துக் காட்ட வேண்டும். அதில் கோட்டை விட்டால் துணை மாஸ்டர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வான்.

அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. மனைவியின் சமையல்தான் தாங்க முடியவில்லை. காய்ச்சல் விட்டதிலிருந்து அவள் செய்கிற எதையும் வாயில் வைக்க வழியில்லை. பதினான்கு வருடம் ஒரு மாஸ்டரோடு குடித்தனம் நடத்தியும் கைக்கு ருசி வரவில்லையென்றால் அவளை என்ன செய்வது?

வெண்ணெயில் பூண்டைப் போட்டு வாணலியை மூடினாள் அவள். மாஸ்டர் அடுப்பருகே வந்தார்.

“மூடி போட்டுப் பூண்டு வதக்குற ஒரே ஆளு உலகத்துல நீதான்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது. “அம்மா, ஏதோ கருகுது.”

“கேட்டியா? உள்ள இருக்கிற புள்ளைக்குத் தெரியுது. அடுப்பு முன்னாடி நிக்கிற உனக்குத் தெரியல.” மாஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கருகிய பூண்டை வழித்துப் போட்டுவிட்டு, பாஸ்தாவைப் பிரட்டிச் சீஸ் துருவி, வாட்டிய கோழியோடு தட்டில் வைத்தாள். மாஸ்டர் ஒரு வாய் மென்றார். தட்டைத் தள்ளினார். கோழியைத் தொடக்கூட இல்லை.

“சப்புன்னு கிடக்கு. உப்புன்னு ஒண்ணு இருக்கிறதாவது தெரியுமா? என் கிச்சன்ல எவனாவது இப்படிச் செஞ்சா அப்பவே வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

மகள் அவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டாள். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

“பாத்தியா, பெத்த புள்ளையே துப்புது.”

மனைவியின் கண் கலங்கியிருந்தது. திட்டு வாங்கியதற்கு அழுகிறாள் என்றுதான் மாஸ்டர் நினைத்தார்.

“நாளைக்கு ஓட்டலுக்குப் போக வேணாங்க,” என்றாள் மெதுவாக. “அதுல நாலு கரண்டி உப்பு போட்டிருக்கேன்.”