கயிறு பிடித்தவன் பங்கு

"தோள் எலும்பு கழண்டு விழுது நானா. கயித்த விட்டுட்டுக் கொஞ்சம் கதைப்பமே!"

றிஸ்வி பதியுதீன் நானாவிடம் கெஞ்சினான். கரைவலைக் கயிறு அவனுடைய உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டிருந்தது. காலையிலிருந்து வயிற்றுக்கு ஒன்றும் போகவில்லை. குறிஞ்சிப்பிட்டிக் கடற்கரை முழுக்க ட்றோனைத் தேடி நடந்ததில் கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"வலை கரையேறாம நான் நிண்டு கதைக்க மாட்டன்" என்றார் பதியுதீன் சம்மாட்டி. வலையும் தோணியும் அவருடையவை. "கதைக்கணும் எண்டா இழுத்துக்கிட்டே கதைங்க."

முன்னால் இழுத்துக்கொண்டிருந்த பஸ்தியான் திரும்பிச் சிரித்தான். "சும்மா இழுக்கல்ல தம்பி. கயித்துல கை வச்சவனுக்கு வலை மடியில வாறதுல பங்கு இருக்கு. பெரிய துரை வந்து பிடிச்சாலும் அதுதான் இந்தக் கரைச் சட்டம்."

"எனக்கு மீன் வேணாம் அண்ணன். மெசினக் காணல்ல."

ஒரு கம்பனிக்காக றிஸ்வி பறக்கவிடும், கரையோர ஊர்களுக்கு மருந்துப் பொதி கொண்டுபோகும் ட்றோன் அது. இன்னும் பரீட்சைப் பறப்புதான். அரசாங்கம் சும்மா அனுமதி கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவை பறந்ததும் தகவல் போக வேண்டும். எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, யாருக்கு என்ன இடைஞ்சல் என்று எல்லாம். கம்பனி சொன்னால் மட்டும் நம்பமாட்டார்கள். ஊரிலும் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அந்தச் சாட்சி பதியுதீன் சம்மாட்டி. ஏற்கெனவே இரண்டு மெசின்கள் கடலோடு போயிருந்தன. இன்னொன்று தொலைந்தால் திட்டத்துக்குப் பூட்டு.

"அரசாங்கக் கந்தோரிலயிருந்து இப்ப போன் வரும் நானா. மெசின் தொலஞ்சிட்டு எண்டு சொல்லிராதீங்க. திட்டம் நிண்டா நான் திரும்பவும் உப்பு மூட்டைதான் தூக்கணும்."

"தூக்கினா என்ன? நாங்க தூக்காத மூட்டையா?"

"அந்த உப்பு கால்ல வெடிச்ச வெடிப்பு இன்னும் ஆறல்ல நானா!"

பதியுதீன் அவன் காலைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

"நான் அஞ்சு நேரம் தொழுற மனுசன். பொய் சொல்ல மாட்டன்."

"ஒரே ஒரு பொய் நானா..."

"போன மாசம் உங்கட மெசின் எங்கட வலைக்கு மேல வந்து இரைஞ்சுது. மடி வாசலுக்கு வந்த கீரி மீன் அவ்வளவும் திரும்பி ஓடிச்சு. அத எழுதி அனுப்புறன் எண்டு சொன்னீங்க. அனுப்பினீங்களா?"

றிஸ்வி கயிற்றைப் பார்த்தான். "எழுதினா அது முறைப்பாடு ஆயிரும் நானா. அதான்..."

"அண்டைக்கு எங்கட வீடுகள்ல வெறும் சோறு" என்றான் பஸ்தியான். "மனிசி என்னைப் பார்த்த பார்வைய எழுதியாவது அனுப்பியிருக்கலாம்."

கயிறு இழுத்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பதியுதீன் கயிற்றை விடவில்லை. றிஸ்விதான் ஒரு கையால் இழுத்துக்கொண்டு, மறு கையால் போனை அவர் காதருகே நீட்டினான். போன் பலமாகவே பேசியது.

"சம்மாட்டி, இண்டைக்கு ஏறின மெசின் இறங்கிட்டா?"

"ஓம் சேர், இறங்கிட்டு."

"தொலையல்ல தானே?"

"தொலையல்ல சேர். எங்க இருக்கெண்டு எனக்கு நல்லாத் தெரியும்."

"ஊராக்களிட முறைப்பாடு ஏதும்?"

பதியுதீன் றிஸ்வியை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒண்டு இருக்கு சேர். அத நாங்க எங்களுக்குள்ளயே தீர்த்துக்குவம்."

போன் நின்றது. றிஸ்விக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. "நானா, உங்களுக்குச் சுவனம்தான்!"

"சுவனம் இருக்கட்டும். இழுங்க."

றிஸ்வி தோள் வலியை மறந்து இழுத்தான். பொழுது படுமுன் மெசினைத் தேடிப் பிடித்துப் பெட்டியில் வைத்துவிட்டால் போதும். கம்பனிக்காரன் வந்து பார்த்துவிட்டுப் போவான்.

வலையின் மடி மணலில் ஏறியது. பஸ்தியான் முடிச்சை அவிழ்த்தான். பாசியும் நாலு பேத்தை மீனும் கொட்டின. அவற்றின் நடுவில், நண்டு ஒன்று கவ்விப் பிடித்திருக்க, ட்றோன் கிடந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று பாய்ந்தான் றிஸ்வி. பதியுதீனின் கை குறுக்கே வந்தது.

"பங்கு பிரிக்க முந்தி மடியில கை வைக்கப்படாது."

"நானா, இது எங்கட மெசின்!"

"உங்கட மெசின் தொலையல்ல எண்டு இப்பதானே சேருக்குச் சொன்னம்?"

றிஸ்வி மடியை மறுபடி பார்த்தான். கறிக்கு ஆகிற மீன் ஒன்றுகூட இல்லை. கரையின் இரு பக்கமும் பார்த்தான். வேறு எந்தச் சம்மாட்டியும் அன்றைக்கு வலை போட்டிருக்கவில்லை.

"இந்தக் கொதிக்கிற வெயிலுக்கு எந்த மீன் தம்பி கரைக்கு வரும்?" என்றான் பஸ்தியான். "இது கடல்ல விழுந்ததக் கண்ட பிறகுதானே நாங்க தோணியத் தள்ளினம்."

பதியுதீன் ட்றோனிலிருந்து ஒரே ஒரு இறக்கையை மட்டும் கழற்றி, றிஸ்வியின் உரிந்த உள்ளங்கையில் வைத்தார்.

"கயிறு பிடிச்சதுக்கு உங்கட பங்கு. மத்ததெல்லாம் எங்கட குடிசையில பத்திரமா இருக்கும். நீங்க எங்களுக்குத் தர வேண்டிய கடன், ஒரு மடி கீரி மீன்."