கைக்கு வரும்வரை

மகளைப் பறிகொடுத்த வீடு. இன்னும் கண்ணீர்கூடக் காயவில்லை. அதற்குள் அம்மாக்காரி கம்பு சுற்றப் பழகுகிறாள் என்று கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

தம்பியின் கீழ்வீட்டுக்காரம்மா போனில் சொன்னதுமே அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மத்தியானம் ஆனால் போதும், மாடியிலிருந்து டப் டப்பென்று சத்தம் வருகிறதாம். எதேச்சையாக எட்டிப் பார்த்தாளாம். கட்டிய புருஷன் படுத்த படுக்கையாகக் கிடக்க, இவள் போனைப் பார்த்துக் கம்பு வீசுகிறாளாம்.

கோபம் வந்தால் அக்காவுக்கு முழங்கால் வலி மறந்துவிடும். மாடிப்படியை மூச்சு விடாமல் ஏறினாள். தம்பியைக் கையோடு தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவது என்று வழியிலேயே முடிவு செய்தாகிவிட்டது. கூடப் பிறந்தவள் இருக்கும்போது அவன் ஏன் நாதியற்றுக் கிடக்க வேண்டும்?

கதவு திறந்தே இருந்தது. கீழ்வீட்டுக்காரம்மா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நாற்காலியில் போனைச் சாய்த்து வைத்து, ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த பழைய டயரைத் தம்பி மனைவி கம்பால் அடித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளறையில் தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அக்கா கூப்பிட்டும் திரும்பவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன பெண் பிணமாக வந்த நாளிலிருந்து இப்படித்தான். லேத் பட்டறைக்குப் போவதில்லை. வாயைத் திறப்பதில்லை. தட்டை வைத்தால் வைத்தபடியே இருக்கும்.

அந்தக் கம்பை அக்காவுக்குத் தெரியும். அப்பாவும் மகளும் விலைக்கு வாங்கிய வம்பு. பிலிப்பைன்ஸ்காரர்களின் கம்புச் சண்டையாம். அதைச் சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் பள்ளியும் இல்லை, வாத்தியாரும் இல்லை. மாப் கட்டையை அறுத்துக் கம்பாக்கி, போனைப் பார்த்துப் பார்த்து, அவன் பட்டறையிலிருந்து வந்ததும் வராததுமாக ஹாலில் இருவரும் எதிரெதிரே நின்றுவிடுவார்கள். ட்யூப்லைட் உடைந்த அன்று இவள் தலையில் அடித்துக்கொண்டு போட்ட சத்தம் அக்காவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படிப்பட்டவளுக்கு இப்போது ஆசை வந்துவிட்டது.

"உனக்கே இது நல்லா இருக்கா?" என்றாள் அக்கா.

தம்பி மனைவி கம்பை இறக்கினாள்.

அக்கா ஹாலில் இருந்த துணி அலமாரியைத் திறந்து, தம்பியின் சட்டைகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள். இனி அவன் தன் வீட்டில் இருக்கட்டும், அங்கே துக்கம் தெரிந்த மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று உள்ளறைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இன்னும் கொஞ்ச நாள் மட்டும் அவரை விட்டு வைங்க அண்ணி. இது கைக்கு வந்துடட்டும்."

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. புருஷன் எக்கேடு கெட்டால் என்ன, விளையாட்டு கைக்கு வர வேண்டுமாம். அதையாவது ஒழுங்காகச் செய்கிறாளா என்றால் அதுவும் இல்லை. போனில் வாத்தியார் வலது கை, வலது கை என்று ஆங்கிலத்தில் ஓதிக்கொண்டிருந்தார். இவள் கம்பு இடது கையில் இருந்தது.

"அந்த ஆள் வலது கைன்னு தொண்டை கிழிய கத்துறான். நீ இடது கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறே. இது வேற கைக்கு வரணுமாக்கும்."

"அவ இடது கையிலதான் பிடிப்பா அண்ணி."

எவள் என்று அக்கா கேட்கவில்லை.

தம்பி மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி போனைப் பார்த்துப் பழகியதில், வாத்தியாரின் வலது கை மகளுக்கு இடது கையாகிவிட்டதாம். தப்பு என்று தெரிவதற்குள் கை பழகிப் போயிற்று. அப்பா அவளைத் திருத்தவில்லை. நீ உன் இஷ்டப்படியே பிடி, நான் மாத்திக்கறேன் என்று தன் வீச்சை அவளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டாராம்.

"போன வாரம் அவ கம்பை எடுத்துக்கிட்டு அவர் முன்னாடி போய் நின்னேன். எழுந்துட்டார் அண்ணி. அவரா எழுந்து அவர் கம்பைக் கையில எடுத்தார்."

அவள் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள். இடது தோளுக்குக் கீழே கன்றிப்போய் நீலமாக இருந்தது.

அக்கா பதறிப்போனாள். "அடிச்சானா?"

"அடிக்கல. நான் வலது கையில பிடிச்சிருந்தேன். அவர் எப்பவும் போல அவ கம்பு வர்ற பக்கம் வீசினார். அங்க கம்பு இல்ல, என் தோள்தான் இருந்துச்சு. அவ இல்லைங்கறது அப்பத்தான் அவருக்கு ஞாபகம் வந்த மாதிரி என்னைப் பார்த்தார். திரும்பப் போய்ப் படுத்துட்டார்."

அக்கா பையிலிருந்த சட்டைகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள். அடிபட்ட அந்தக் கையாலேயே பழக வேண்டுமா, ஆறட்டுமே என்று மட்டும் கேட்டாள்.

தம்பி மனைவி டயரின் பக்கம் திரும்பி நின்றாள்.

"அடுத்த தடவை அவர் வீசும்போது, அந்தப் பக்கம் கம்பு இருக்கணும் அண்ணி."